அட்ஜஸ்ட் பண்ணாத ஒரு நாள்

பனியன் கம்பெனி வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு எங்கள் சூப்பர்வைசர் நிற்பார். பதினான்கு பேர் உட்காரும் வண்டியில் இருபத்தைந்தாவது ஆளாக நான் ஏறும்போது, "உள்ள கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்க கண்ணு" என்பார். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எனக்குத் திருப்பூர் சொல்லிக்கொடுத்த முதல் ஆங்கிலச் சொல் அதுதான். மெஷினில் நூல் இறுகினால் அட்ஜஸ்ட். சாப்பாட்டு நேரம் அரை மணியிலிருந்து கால் மணியானால் அட்ஜஸ்ட். கழிப்பறையில் தண்ணீர் வராவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமை வேலை வைத்தாலும், புருஷன் அடித்து வீங்கிய கன்னத்தோடு ஒருத்தி வந்து நின்றாலும் அதே மருந்து. மரியாதைக்கு மட்டும் குறைவே கிடையாது. 'ங்க' போடாமல் அந்த மனிதர் யாருடைய கழுத்தையும் அறுத்ததில்லை.

தைத்த சட்டைகளை அளந்து பார்க்கும் செக்கிங்கில் நான் இருந்தேன். பனியன் துணி இழுத்தால் நீளும். துணி சுருங்கி, தைத்த சட்டை அளவு குறைந்துபோனால், டேப் வைக்கும்போது அடி ஓரத்தைக் கட்டைவிரலால் கண்ணுக்குத் தெரியாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த வித்தையை எனக்குப் பழக்கியவர் அவர்தான். அதற்கும் பெயர் அட்ஜஸ்ட். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பும் ஆள் எதிரே உட்கார்ந்து எழுதுவார், நான் அளந்து சொல்வேன். என் கட்டைவிரலை நம்பி எத்தனையோ பெட்டிகள் கப்பல் ஏறின. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒரு திங்கட்கிழமை, ஊரில் என்னைப் பெத்த அய்யாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று ஆபீஸ் போனுக்குத் தகவல் வந்தது. சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். "வியாழக்கிழமை ஷிப்மெண்ட் போயிருமுங்க. மூணு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க கண்ணு, அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்றார். வேலை போய்விடும் என்ற பயத்தில் இருந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை ஊர் போய் இறங்கியபோது அடக்கம் முடிந்திருந்தது. "உன் பேரச் சொல்லிச் சொல்லி வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்தாவ" என்றாள் அம்மா.

திரும்பி வந்த மறுவாரம் இன்ஸ்பெக்‌ஷன். சட்டையின் நீளம் அறுபத்தெட்டு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அந்த லாட் சட்டைகள் முழுக்கக் குறைவு என்பது சூப்பர்வைசருக்கும் எனக்கும் தெரியும். நான் சட்டையை மேசையில் விரித்தேன். சுருக்கத்தைத் தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். டேப்பை வைத்து, "அறுபத்தாறு சார்" என்றேன். அடுத்ததும் அறுபத்தாறு. பையரின் ஆளுக்குப் பின்னால் நின்ற சூப்பர்வைசர், கட்டைவிரலைத் தன் சட்டை ஓரத்தில் வைத்து இழுத்து இழுத்துக் காட்டினார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது அளவை இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

லாட் மொத்தமும் ஃபெயில். அந்த வாரமே முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பினார். எங்கள் லைனுக்கும் பத்து நாள் வேலை இல்லாமல் போனது. கூட இருந்த பெண்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். திட்டட்டும் என்று இருந்தேன்.

கடைசி நாள் அவர் கேட்டருகே காத்திருந்தார். "எனக்கும் ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்குதுங்க கண்ணு. கோவம்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க" என்றார்.

"எங்கய்யாவும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத்தான் மூணு நாளு காத்துக் கெடந்தாவ சார்" என்றேன்.

அவர் தலை குனிந்தது. அப்போது எனக்கு இனித்தது. இன்றைக்கும் இனிக்கிறது.