சாமை விதைக்கு ஒரு ஸ்கிரிப்ட்

எழுத்தெல்லாம் குப்பையாகத் தெரிந்த கறுப்புத் திரையில் எண்கள் மட்டும் எண்களாகவே நின்றதைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பணியில் இருந்த காலத்தில் மேலதிகாரி உள்ளே நுழைந்தபோதுகூட நான் அவ்வளவு வேகமாக எழுந்ததில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பயிர்ப் புள்ளிவிவரம் எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வளப்பூர் நாடு என்ற மலைப்பகுதியில் இரண்டு அறை வீடு கட்டிக்கொண்டு குடியேறியிருந்தேன். வயலின் எந்த மூலையிலிருந்து எவ்வளவு உள்ளே போய்க் கயிறு கட்டி, அறுத்து, எடை பார்க்க வேண்டும் என்பதற்கு விதி உண்டு. அந்த விதிக்குத் துணைவிதி உண்டு. இரண்டும் எனக்கு மனப்பாடம். மலைக்கு வந்தபின் அவற்றைக் கேட்க ஆளில்லை.

சென்னையில் மகன் புதிய கம்ப்யூட்டர் வாங்கியதும் பழையதை என் தலையில் கட்டினான். மிளகு ஏற்றிப் போக வெறுமையாக மலையேறிய லாரியில், வைக்கோலுக்கு நடுவே அது வந்து சேர்ந்தது. கூட வந்த சிடியில் பெர்ல் என்ற நிரல்மொழி இருந்தது. பென்சன் வாங்கும் வயதில் புதிதாக ஒரு மொழி படிக்க வேண்டுமென்றால் என் நண்பர்கள் சமஸ்கிருதம் எடுப்பார்கள். நான் இதை எடுத்தேன். இதிலும் உச்சரிப்பு தவறினால் பலன் கிடைக்காது.

அதில் என்னை மயக்கியது ரெகுலர் எக்ஸ்பிரஷன். பெயரைக் கேட்டால் சுற்றறிக்கை மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு சல்லடை. இந்த வடிவத்தில் இருப்பதை மட்டும் எடு என்று நாலைந்து குறிகளில் எழுதிக் கொடுத்தால் போதும், எவ்வளவு நீள உரையானாலும் சலித்து அதை மட்டும் கையில் கொடுத்துவிடும். [0-9]+ என்று எழுதினால், இலக்கம் ஒன்றோ பலவோ சேர்ந்து வரும் இடம் என்று பொருள். அவ்வளவுதான். என் துறையில் இதைச் சொல்ல ஓர் அரசாணையும் அதற்குப் பிற்சேர்க்கைகளும் தேவைப்பட்டிருக்கும்.

சல்லடை கையில் இருந்தது. சலிக்கத்தான் எதுவும் இல்லை. அந்த ஆண்டு மலையே அதைக் கொடுத்தது.

முந்தைய அறுவடையின்போது விடாமல் மழை பெய்து, விதைக்கென்று எடுத்துவைத்த சாமை பெரும்பாலான வீடுகளில் பூசணம் பிடித்துவிட்டது. மலையடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் இருந்த விதைக் கிடங்கு இலவசமாகத் தருவதாக ஒப்புக்கொண்டது. ஒரே லாரி, ஒரே நடை. யாருக்கு எத்தனை வள்ளம் என்று குடும்பவாரியாகச் சொல்லி, மொத்தத்தையும் கொடுக்க வேண்டும். வள்ளம் என்பது எங்கள் பக்கத்துத் தானிய அளவை. பட்டியலில் இல்லாதவரின் காடு, அதாவது புன்செய் நிலம், அந்த வருடம் தரிசுதான். விவசாயிகள் சங்கம் இந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தது. மறுப்பது மரியாதையல்ல என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளே குதித்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்குக் கீழ்ச்சரிவில் ஒரு துண்டு நிலத்தைத் தனியாக உழுது பிழைத்த அம்மா ஒருவர் இருந்தார். வேலை என்னிடம் வந்த நாளிலிருந்து தினமும் என் வேலியோரம் நின்று கேட்டார்.

"ஏனுங்க சாமி, நம்ம பேரு ஏறிடுச்சுங்களா?"

"ஏறும்மா. ஏன் இப்படிப் பறக்கறீங்க?"

"பறக்காம என்னங்க பண்றது? காடு ஒரு வருசம் சும்மா கெடந்தா எங்கொழுந்தன் குச்சிக்கெழங்கு நட்டுருவானுங்க. அப்பறம் அது யாரு காடுன்னு நான் பஞ்சாயத்துல போயி நிக்கோணும்."

குச்சிக்கிழங்கு என்றால் மரவள்ளி; தண்டைக் குச்சியாக வெட்டி நட்டாலே வளர்ந்துவிடும்.

முறைப்படி நான் ஒரு படிவம் தயாரித்தேன். வரிசை எண், பெயர், ஊர், தேவை என்று கட்டம் கட்டி, கீழே மூன்று குறிப்புகளும் சேர்த்தேன். யாரும் அதைத் தொடவில்லை. எல்லோரும் நேராக பஸ் நிற்கும் இடத்தில் இருந்த எஸ்டிடி பூத்துக்குப் போனார்கள். பூத்துக்காரரிடம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அவரிடம் சொன்னார்கள், அவர் அடித்தார். ஒரு வாரம் கழித்து ஃபிளாப்பியை என்னிடம் நீட்டினார். திறந்து பார்த்தால் வரிக்கு ஒரு குடும்பம். ஒவ்வொரு வரியும் ஒரு வாழ்க்கை வரலாறு. 'மேல்காட்டுக்காரர், 2 பசங்க, மிளகு 40 கொடி, போன வருசம் சாமை 5 வள்ளம் வெதச்சது, இப்ப 3 வள்ளம் வேணும்.'

"ஏம்ப்பா, எவ்வளவு விதை வேணும்னுதானே கேக்கச் சொன்னேன்?"

"கேட்டேனுங்க சார். அவங்க சொன்னாங்க, நான் அடிச்சேன். நடுவுல எதையாச்சும் உட்டா, எம்பட பேச்ச ஏன் வெட்டுனேன்னு என்னையத்தான புடிப்பாங்க?"

"அதுக்காக மிளகுக்கொடி எத்தனைன்னுமா?"

"அவருக்கு அது பெருமைங்க. அடிச்சா சந்தோசப்படறாரு. எனக்கென்ன, வெரலு தேயுதுங்களா?"

பேனாவை எடுத்து உட்கார்ந்தால் இரண்டு நாளில் முடித்திருக்கலாம். பெர்லை விட்டுவிட்டுப் பேனாவை எடுப்பேனா?

அவர் அடித்தது ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவில். அதையும் ஃபிளாப்பியில் போட்டுத் தந்திருந்ததால் படிக்க முடிந்தது. பெர்ல் ஓடும் கறுப்புத் திரையிலோ அந்த எழுத்துரு இல்லை. அங்கே கோப்பைத் திறந்தால், தலையில் புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் கேள்விக்குறிகளுமாகப் பக்கம் பக்கமாக ஓடியது. தமிழ் இருந்த தடமே இல்லை. ஆனால் 2 என்பது 2. 40 என்பது 40. வெள்ளத்தில் பாறை நிற்பதுபோல எண்கள் நின்றன. அப்போதுதான் நான் எழுந்து நின்றேன்.

நிரலை முதல் முறை ஓட்டியபோது பசங்களும் மிளகுக்கொடியும் சாமையோடு சேர்ந்து கூட்டப்பட்டன. வந்த தொகைக்கு விதை அனுப்பினால் சாலையிலும் சாமை விதைக்க வேண்டியிருக்கும். சரி, வள்ளம் என்ற சொல்லுக்கு முன்னால் வரும் எண்ணை மட்டும் எடு என்றேன். வள்ளம் அந்தத் திரையில் ஒரு அடைப்புக்குறியோடு ஆரம்பித்தது. அடைப்புக்குறிக்கோ பெர்லில் தனி அதிகாரம் உண்டு. அதன் முன்னால் ஒரு சாய்கோடு வைத்தால் அதிகாரத்தை இறக்கிவைத்துவிட்டுச் சாதாரணக் குறியாக நிற்கும். இப்படி ஒரு சாய்கோடு எங்கள் அலுவலகத்தில் இருந்திருந்தால்! அடுத்து, போன வருட வள்ளமும் சேர்ந்து வந்தது. 'வேணும்' என்பதை ஒட்டி நிற்கும் வள்ளம் மட்டும் என்று இறுக்கினேன். 2 1/2 என்று யாரோ கேட்டிருந்ததில் வெறும் 2 மட்டும் வந்தது. பின்னத்துக்கு ஒரு வால் வைத்தேன். நடுவே கரண்ட் இரண்டு முறை போனது. ஒவ்வொரு முறையும் திட்டிக்கொண்டே திரும்பவும் தட்டினேன். கடைசியில் விசையை அழுத்தியதும் பெயரும் எண்ணுமாக வரிசை மளமளவென்று இறங்கி, அடியில் மொத்தம் வந்து நின்றது. வீட்டில் யாருமில்லை என்று தெரிந்தும் சத்தமாகக் கைதட்டினேன்.

முறை என்னவென்றால், பட்டியலை ஆட்சேபணைக்காக ஒட்டி, காத்திருந்து, பிறகுதான் மொத்தத்தை அனுப்ப வேண்டும். கிடங்கிலோ அவசரப்படுத்தினார்கள். அதனால் காலையில் பூத்திலிருந்து மொத்தத்தைப் போனில் சொல்லிவிட்டு, பட்டியலை அச்சடித்து அதே பூத்தின் சுவரில் ஒட்டினேன். என் பணிக்காலத்தில் ஆட்சேபணைக்கு ஒட்டிய எதையும் யாரும் படித்ததில்லை.

மதியமே வேலியோரம் குரல் கேட்டது. கீழ்ச்சரிவு அம்மாதான். இந்த முறை அவர் கேட்கவில்லை, சொன்னார்.

"எம்பேரு இல்லீங்களாம். பூத்துக்காரரு ரெண்டு தடவ பாத்துட்டாரு. எங்கொழுந்தன் பேரு இருக்குதாம், நாலு வள்ளம்னு."

"நீங்க போய்ச் சொன்னீங்களா?"

"மொத ஆளாப் போயிச் சொன்னேனுங்க. இல்லாட்டி தெனமும் உங்க வேலியத் தேச்சுக்கிட்டு நிப்பனா?"

உள்ளே ஓடினேன். மூலக் கோப்பில் எத்தனை வரி, பட்டியலில் எத்தனை வரி என்று எண்ணச் சொன்னேன். பட்டியலில் கணிசமாகக் குறைந்தது. சல்லடையில் விழுந்ததைத்தான் இதுவரை பார்த்திருந்தேன். விழாமல் மேலே தங்கியதைக் காட்டு என்று ஒரே ஒரு சொல்லை மாற்றி ஓட்டினேன். திரை நிறைய வரிகள் வந்தன. ஒன்றில்கூட வள்ளத்துக்கு முன்னால் எண் இல்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில், எல்லா வரியிலும், ஒரே மாதிரியான ஒரு கிறுக்கல். அதை எடுத்துத் தமிழ் எழுத்துருவில் போட்டேன்.

லாபம்.

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. தானியம் அளக்கிறவர்கள் முதல் அளவை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணிக்கை போகும். விதையென்றால் இன்னும் கண்டிப்பு. எத்தனையோ களங்களில் நின்று நான் காதால் கேட்டது. எனக்குத் தெரியும், என் சல்லடைக்குச் சொல்லவில்லை. ரெண்டும் அதற்கு மேலும் கேட்டவர்கள் எல்லோரும் உள்ளே. ஒரே ஒரு வள்ளம் கேட்டவர்கள், அதாவது இருப்பதிலேயே சின்னக் காடு வைத்திருந்தவர்கள், ஒருவர் விடாமல் வெளியே. இவ்வளவு துல்லியமாக ஏழைகளை விலக்க அரசாங்கத் திட்டங்களுக்கே சில ஆண்டுகள் பிடிக்கும். நான் ஒரு நொடியில் சாதித்திருந்தேன்.

எண் அல்லது அந்தக் கிறுக்கல் என்று நடுவில் ஒரு நேர்கோடு போட்டு எழுதி, கிறுக்கல் வந்தால் ஒன்று என்று கொள் என்றேன். ஓட்டினேன். மூலத்தில் எத்தனை வரியோ பட்டியலிலும் அத்தனை வரி! அம்மாவின் பெயர் முதல் வரியிலேயே இருந்தது. ஃபிளாப்பியை எடுத்துக்கொண்டு இருவரும் பூத்துக்கு விரைந்தோம்.

"ஏம்ப்பா, ஒண்ணுன்னு அடிக்கக் கூடாதா?"

"வெதைக்குப் போயி ஒண்ணுன்னு எப்படீங்க சார் அடிக்கறது? வெளையலீன்னா என்ற கைராசின்னு ஊரே பேசுமுங்க" என்று சொல்லிக்கொண்டே பூத்துக்காரர் புதிய பட்டியலை அச்சடித்தார்.

கிடங்குக்குப் போன் போட்டேன். நாளை விடியலில் லாரி கிளம்புகிறது, மூட்டைகளை எடுத்து வைத்தாயிற்று, மாற்ற வேண்டுமென்றால் இன்று மாலைக்குள் எழுத்தில் வேண்டும் என்றார் அங்கிருந்த அலுவலர். மூன்று மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஏறினேன். திரும்பினால், அம்மாவும் ஏறிவிட்டார். மடியில் ஒரு பலாப்பழம்.

"இது எதுக்கும்மா?"

"ஆபீசுக்கு வெறுங்கையோட போறதுங்களா?"

"கொண்டுபோனா அதுக்குப் பேரு லஞ்சம்."

"பலாப்பழம் லஞ்சமுங்களா? அப்ப எங்க மலைக்கு வந்துட்டுப் போற அத்தனை பேரும் லஞ்சம் வாங்கினவங்கதான்!"

பஸ்ஸே சிரித்தது. வளைவுக்கு வளைவு பழம் அவர் மடியிலிருந்து என் மடிக்கும் என் மடியிலிருந்து அவர் மடிக்கும் உருண்டது. நான் பட்டியலை மார்போடு அணைத்திருந்தேன். இந்த வயதில் இதயம் இப்படி அடிப்பது நல்லதல்ல என்று தோன்றியது. நன்றாகவும் இருந்தது.

கிடங்கை மூடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே நுழைந்தோம். அலுவலர் இளைஞர், சட்டையில் இன்னும் மடிப்பு கலையவில்லை. போனில் சொல்லாத விதி ஒன்று நேரில் வந்தது.

"மொத்தம் பதிவாயிடுச்சு சார். இனிமே திருத்தணும்னா மேல எழுதி அனுமதி வாங்கணும்."

"லாரிச் சீட்டுல கையெழுத்து போட்டாச்சா?"

"காலையில போடுவாங்க."

"அதுவரைக்கும் உங்க கையில இருக்கறது வரைவுதான். வரைவைத் திருத்த அனுமதி வேண்டாம், திருத்தினதா ஒரு வரி எழுதிக் கோத்துட்டாப் போதும். இந்த விதியை எழுதின கூட்டத்துல உக்காந்து நான் டீ குடிச்சிருக்கேன்."

அவர் பட்டியலைப் புரட்டினார். "எல்லாமே ஒரு வள்ளம்தான் புதுசாச் சேர்ந்திருக்கு. அதெப்படி சார் ஒரு வள்ளம் மட்டும் விட்டுப்போகும்?"

நான் சல்லடையை விளக்கத் தொடங்கினேன். இலக்கம், வடிவம், அடைப்புக்குறியின் அதிகாரம் என்று உற்சாகமாகப் போய்க்கொண்டிருந்தேன். அம்மா பொறுமையிழந்து குறுக்கே வந்தார்.

"லாபம்னு சொன்னமுங்க கண்ணு. அந்தப் பொட்டிக்கு அது வெளங்கலியாம்."

அலுவலர் நிமிர்ந்தார். அதுவரை மேசைமேல் வைத்திருந்த அலுவலகத் தமிழ் அப்படியே இறங்கிப் போனது. "அட, எங்க ஊட்டுலயும் அளக்கறப்ப அப்படித்தானுங்க. லாபம்னா ஒண்ணு. இதுகூடத் தெரியாம என்னங்க சார் கம்ப்யூட்டரு?"

"இன்னைக்கு மதியத்துல இருந்து தெரியும்" என்றேன்.

அவர் ஒரு வரி எழுதினார், நான் கையெழுத்திட்டேன், அதைக் கோத்தார். கூடுதல் மூட்டைகள் எங்கள் கண்ணெதிரே லாரிப் பக்கம் போயின. பலாப்பழத்தை விதிப்படி மறுத்துவிட்டார். அம்மா அதைச் சுமைதூக்குகிறவர்களிடம் கொடுத்தார். அவர்களுக்கு அப்படி விதி எதுவும் இல்லை.

லாரி வந்த நாள் சங்கக் கட்டடத்தின் முன் கூட்டம். அளப்பவர் வள்ளத்தில் சாமையைக் கோபுரமாகக் குவித்து, உரத்த குரலில் பாடுவதுபோல எண்ணிப் போட்டார். கொழுந்தனாருக்கு லாபம், ரெண்டு, மூணு, நாலு. அடுத்து அம்மா சேலை முந்தியை விரித்தார். லாபம் என்ற குரல் எழுந்தது, ஒரு வள்ளம் விழுந்தது, முடிந்தது.

"அவ்வளவுதானா? வாயத் தொறக்கறதுக்குள்ள ஆயிப்போச்சே" என்று கொழுந்தனார் சிரித்தார்.

அம்மா முந்தியை முடிச்சுப் போட்டார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"எங்காட்டுக்கு அது போதுமுங்க. ஏனுங்க கொழுந்தனாரே, வெட்டி வெச்சிருக்கற கெழங்குக் குச்சிய வேற எங்காச்சும் நட்டுக்கோங்க."

கொழுந்தனார் தன் மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தார். அளப்பவர் அதற்குள் அடுத்தவருக்கு லாபம் என்று தொடங்கியிருந்தார்.