இரண்டு சோப்புடப்பா ஸ்பீக்கர்களும் பகலில் தூங்கிய மாமாவும்

அந்த டிசம்பரில் சென்னியப்பன் மாமா காதில் வைத்திருந்த வெள்ளைப் பஞ்சு பனிக்காகவா, எங்கள் பாட்டுக்காகவா? ஒரு பெண்ணுக்குத் தாயாகி, எதையும் இரண்டு முறை யோசிக்கிறவள் என்று வீட்டில் பெயரெடுத்த பிறகும் எனக்கு இதற்கு விடை தெரியவில்லை.

மதுக்கரையில் சிமென்ட் ஆலைக்காரர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. எந்த நேரமும் யாராவது ஒருவர் 'நைட் ஷிப்ட்' முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார் என்பதால், பகலில் குடத்தைக்கூட ஓசைப்படாமல்தான் இறக்கிவைப்போம். சென்னியப்பன் மாமாவுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் இருமினால் எங்கள் வீட்டில் கேட்கும்.

அந்த வருடம் சர்ச் கிறிஸ்துமஸ் விழாவில் நாங்கள் நான்கு சிறுமிகள் 'ஆக்‌ஷன் சாங்' ஆட வேண்டும். பாட்டு அக்காவின் எம்பி3 பிளேயரில் இருந்தது. அதற்கு இருந்ததோ ஒரே ஒரு இயர்போன். இரண்டு பேர் ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு ஆட, மற்ற இருவரும் அவர்கள் காலைப் பார்த்து ஆடினோம். சுற்றித் திரும்பும் இடம் வந்தால் வயர் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். ஞாயிறு பள்ளி டீச்சர் அடுத்த வாரம் பார்ப்பதாகவும், அப்போதும் கால் சேராவிட்டால் நால்வரையும் குடிலில் ஆடாக நிறுத்திவிடுவதாகவும் சொல்லிவிட்டார். முந்தின வருடம்தான் ஆடாக நின்றிருந்தோம்; அந்தக் கம்பளி கழுத்தெல்லாம் குத்தும்.

எங்கள் அழுகையைப் பார்த்து அப்பா காந்திபுரத்திலிருந்து இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள் வாங்கிவந்தார். ஒவ்வொன்றும் சோப்புடப்பா அளவு, இரண்டுக்கும் நடுவில் மெல்லிய வயர், பின்பக்கம் பென்சில் பேட்டரி. பின்னைச் சொருகினால் 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோலக் கரகரவென்று பாட்டு. எங்களுக்கு அதுவே சர்ச் நிறையப் பாடுவதுபோல இருந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "சென்னியப்பண்ணன் எந்திரிச்சாருன்னா ரெண்டு டப்பாவையும் பீரோவுல வெச்சுப் பூட்டிப்போடுவேன்" என்றார்.

அதனால் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டாலே அக்கா பின்னைப் பிடுங்கிவிடுவாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம், அடங்கியதும் முதலிலிருந்து போடுவோம், மறுபடி கிறீச்சிடும். அந்த வாரம் முழுக்க இரண்டாவது சரணத்தைத் தாண்டவே இல்லை. சனிக்கிழமை மத்தியானம் கதவு தட்டப்பட்டது. லுங்கியும் பனியனுமாகச் சிவந்த கண்ணோடு மாமா நின்றார். அக்கா ஸ்பீக்கர்கள்மேல் துண்டைப் போட்டு மூடினாள். அம்மா அவர் வாயைத் திறக்கும் முன்பே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்மணி. அந்தப் பாட்டை ஒருக்கா கடைசி வரைக்கும் ஓட உடுங்க. மில்லு ஓடற சத்தத்துல பழகுனவன் நான். சத்தம் நின்னாத்தானுங்க என்னமோ ஆயிப்போச்சுன்னு முழிப்புத் தட்டுது."

அதன்பிறகு நிறுத்தாமல் போட்டோம். சுவர்வழியாகக் குறட்டை கேட்டதாக அக்கா அடித்துச் சொன்னாள். எனக்கும் கேட்டதுபோலத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கால்கள் சேர்ந்தன, ஆட்டுக் கம்பளி பையன்கள் தலையில் விழுந்தது.

கிறிஸ்துமஸ் மத்தியானம் கேக் கொடுக்கப் போனபோதுதான் அவர் இரண்டு காதிலும் பஞ்சைப் பார்த்தேன். பாட்டு தொந்தரவாக இருந்ததா என்று கேட்டேன். ஒரு காதுப் பஞ்சை எடுத்துவிட்டு, "என்ன கண்ணு கேட்டீங்க?" என்றார். மறுபடி கேட்டதும், "பாட்டு நின்னதுல இருந்துதான் தூக்கமே வரமாட்டேங்குது" என்று சிரித்தார். மார்கழிப் பனிக்கு எல்லாரும் பஞ்சு வைப்பதுதான் என்றார் அம்மா. "மத்தியானத்துல ஏதும்மா பனி?" என்றாள் அக்கா.

இப்போது சரவணம்பட்டியில் அடுக்குமாடியில் இருக்கிறோம். யு.கே.ஜி. படிக்கும் என் மகள் ஆண்டு விழாவுக்கு ஆடிப் பழகுகிறாள். டம்ளர் அளவில் ஒரே ஸ்பீக்கர், வயரே இல்லை. என் போனில் அந்தப் பின்னைச் சொருக ஓட்டைகூட இல்லை. கதவைத் தட்டி வருகிறவர்களும் இல்லை. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் 'பகலில் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளவும்' என்று பொதுவாக ஒரு செய்தி வந்தது, யாருக்கு என்று இல்லை. கீழ்வீட்டுத் தம்பி இரவில் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். நேரில் போய்க் கேட்டேன். "ஐயோ, பாப்பா ஆடட்டுங்க அக்கா, ஒண்ணும் தொந்தரவு இல்லீங்க" என்றார், கொட்டாவியை அடக்கிக்கொண்டு. அன்றிலிருந்து சத்தத்தைக் குறைக்கிறேன், மகளுக்குக் கால் தப்புகிறது, கூட்டுகிறேன், மறுபடி குறைக்கிறேன். விழாவுக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை.

நம் ஊர்க்காரரிடம் எப்படிக் கேட்டால் 'ஆமாங்க, தொந்தரவுதானுங்க' என்று வாய் திறந்து சொல்வார்? அனுபவப்பட்டவர்கள் யாராவது எழுதுங்களேன்.