ஒன்பது பேர், ஒரு சந்தா

மேஸ்திரி எங்கள் அலுவலகப் படியேறி வந்த அந்தப் பகல் இன்னும் கண்ணில் நிற்கிறது. தோளெல்லாம் மக்காச்சோளத் தூசி. கையில் நான்காக மடித்த எங்கள் மாத இதழும் சந்தா ரசீதும். முதலில் ரசீதை என் மேசைமேல் வைத்தார். பிறகு இதழை விரித்து ஒரு வரியில் விரலை ஊன்றினார். "இது இன்னாம்மா இப்படி எழுதி வெச்சிகிறீங்க?" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறையில் நான்கு பேர் சேர்ந்து அந்த இதழை நடத்திக்கொண்டிருந்தோம். சந்தா என் பொறுப்பு. எந்தக் கட்சிக்கும் எந்த முதலாளிக்கும் கட்டுப்படாத பத்திரிகை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மேஸ்திரி, மண்டித் தெருவில் மூட்டை ஏற்றி இறக்கும் குழுவுக்குத் தலைவர். மொத்தம் ஒன்பது பேர், எல்லோருக்குமாக ஒரே சந்தா. மதியச் சோற்றுக்குப் பிறகு லாரி நிழலில் அவர் எழுத்துக்கூட்டி வாசிப்பார், மற்றவர்கள் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு கேட்பார்கள். ஒரு கட்டுரை முடிய இரண்டு மூன்று நாளாகும் என்று பின்னால் தெரிந்தது. எங்கள் இதழை அத்தனை நிதானமாக வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

அந்த மாதம், ஒரு தனியார் மண்டியில் விவசாயிகளின் தானியத்தை எடை குறைத்து நிறுப்பதைப் பற்றி எழுதியிருந்தோம். விஷயம் உண்மைதான். ஆனால் நடுவில் ஒரு வரி, சுமை தூக்குவோரும் இதற்கு உடந்தை என்றது. "தராசுகிட்டயே எங்கள வுட மாட்டாங்கம்மா. நைனார்பாளையத்துல இருந்து சோளம் கொண்டாந்த ஒருத்தரு, நீங்களுமாடான்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டாரு. வூட்ல புள்ளைங்க கேட்டா இன்னா சொல்றது?" என்றார் மேஸ்திரி.

விசாரித்தோம். எங்கள் நிருபர் அந்த வரியை ஒரு தரகர் சொன்னதை நம்பி எழுதியிருந்தார். ஒன்பது பேரில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. அடுத்த இதழின் முதல் பக்கத்திலேயே தவறை ஒப்புக்கொண்டு திருத்தம் போட்டோம். அதோடு மேஸ்திரி போயிருக்கலாம். அவரோ எடை எப்படிக் குறைகிறது, வெளியில் நின்று தாங்கள் பார்த்தது என்ன என்று எல்லாவற்றையும் சொன்னார். பெயர் வேண்டாமே என்று நான் தயங்கியபோது, "பேரு இல்லாம போட்டா யார் நம்புவாங்க? போட்டுக்கோங்க" என்றார். போட்டோம். அந்த மண்டியில் அவர்களுக்கு வேலை நின்றுபோனது. ஒரு பருவம் முழுக்க ஒன்பது பேரும் கரும்பு வெட்டப் போனார்கள். எங்களுக்கு வந்துகொண்டிருந்த மண்டி விளம்பரங்களும் நின்றன.

விளம்பரம் போன கையோடு காகித விலையும் ஏறியது. சந்தாவை ஏறக்குறைய இரண்டு மடங்காக்க வேண்டியதாயிற்று. பாதிக்குப் பாதி வாசகர்கள் விலகினார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேஸ்திரி குழுவுக்கு மட்டும் இதழை இலவசமாக அனுப்பலாம் என்று நானே முடிவெடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கரும்புச் சோகை கிழித்த கோடுகள் கையெல்லாம். "சும்மா வாங்கிக்கினா, நாளைக்கு நீங்க தப்பா எழுதும்போது வந்து கேக்க வாய் வராதும்மா" என்றார். டீக்கடைக்காரரையும் லாரி ஷெட் ஆட்களையும் சேர்த்துப் பதினான்கு பேராக்கி, புதிய சந்தாவைக் கட்டிவிட்டுப் போனார். நான் ரசீது எழுதினேன்.

இப்போது அச்சு இதழ் இல்லை, எல்லாம் கைபேசியில்தான். சர்வர் வாடகை, வழக்குச் செலவு, நிருபர்களின் பயணம் என்று இந்த வருடமும் சந்தாவை ஏற்றினோம். சந்தா கட்டுகிறவர் பக்கத்து வலி எனக்கும் தெரியும். மூன்று இணைய இதழ்களுக்குச் சந்தா கட்டிக்கொண்டிருந்தேன், போன வருடம் இரண்டை நிறுத்திவிட்டேன். நல்ல பத்திரிகைகள், நிறுத்திய அன்று துரோகம் செய்ததுபோல இருந்தது. யாருக்காக எழுதுகிறோமோ அவர்களால் வாங்க முடியாத விலைக்குப் போய்விட்டோமோ என்ற சந்தேகம் என்னை விட்டதில்லை. அலுவலகத்தில் ஒருவர், ஒரு சந்தாவில் ஒரு கைபேசிதான் திறக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைக்கலாம் என்றார். பலர் சேர்ந்து படிப்பதால் நமக்கு நஷ்டம் என்பது அவர் வாதம். சேர்ந்து படிக்கிறவர்கள் இல்லாவிட்டால் நாம் பத்து வருடம் முன்பே மூடியிருப்போம் என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

மேஸ்திரிக்கு முதுகுவலி வந்து மூட்டை தூக்குவதை விட்டாயிற்று. வடக்கனந்தலில் மகள் வீட்டோடு இருக்கிறார். விலையேற்ற அறிவிப்பு போன வாரம் மாப்பிள்ளையின் கைபேசிக்குப் போயிருக்கிறது. அன்றே அழைத்தார். நான் காரணங்களை அடுக்கத் தொடங்கினேன்.

"அத கேக்கலம்மா. செலவு ஜாஸ்தியானா ஏத்தத்தான் செய்வீங்க. எங்க ஏரி மதகு ஒடஞ்சி கெடக்குது, வந்து பாக்கிறோம்னு சொன்னீங்க. ரெண்டு மாசமாச்சு. இன்னும் யாரும் வரல."

மறுநாள் காலை நிருபர் யாரையும் அனுப்பாமல் நானே பேருந்து ஏறினேன். ஏரிக்கரையில் கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இன்னும் நான்கு பேர்.

"இவங்களும் சந்தா கட்றவங்கதான்" என்றார் மேஸ்திரி. "வாங்க, இன்னா ஏதுன்னு அவங்களயே கேளுங்க."

நான் நோட்டைத் திறந்தேன்.