கேமராவுக்கு முன்னால் ஒரு பிடி சோறு

போன புதன்கிழமை என் கை டிவியில் வந்தது.

கை மட்டும்தான். முகம் வரவில்லை. நல்லதுதான்.

லோரியின் பின்கதவு என் வலது கையை நசுக்கிய கதையை முன்பே எழுதியிருக்கிறேன். மோதிர விரலில் ஆபரேஷன். காயம் ஆறியது. விரல் மடங்கவில்லை... நடு மூட்டு இரும்பாகக் கிடந்தது. இப்படியே இருந்தால் மறுபடி ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுபடி கத்தியா? தூக்கம் போனது.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். விரல் மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று கேமரா வைத்து அளக்கிறார்களாம். போனேன். மனைவி லெட்சுமியும் வந்தாள்.

ஷாமினி என்ற ஆராய்ச்சிப் பெண் என் விரல் மூட்டுகளின் மேல் ஜவ்வரிசி அளவுக் குண்டுகளை ஒட்டினாள். விழுந்தன. மறுபடி ஒட்டினாள் — மறுபடி விழுந்தன.

“அங்கிள், கையில என்ன போட்டீங்க?”

“நல்லெண்ணெய்,” என்றாள் லெட்சுமி. “டெஸ்டுக்குப் போறாரே, கொஞ்சம் இளகட்டும்னு காலையில நான்தான் தேச்சு விட்டேன்.”

“ஐயோ ஆன்ட்டி! இது என்ன, லோரி சர்வீஸா?”

துடைத்துவிட்டு ஒட்டினாள். சுற்றிலும் கேமராக்கள். குண்டுகள் திரையில் புள்ளிகளாக வந்தன. புள்ளிகளைக் கோடுகள் இணைத்தன. ஒரு குச்சிக் கை! நான் அசைத்தால் அதுவும் அசைந்தது. அடடா!

“இந்த உருளைக் கட்டையப் பிடிங்க அங்கிள்.” பிடித்தேன். மற்ற விரல்கள் மடங்கின. மோதிர விரல் நீட்டியபடியே நின்றது. “சாவியத் திருப்புங்க.” நின்றது. “கரண்டியப் பிடிங்க.” அப்போதும் நின்றது.

“வீட்டுல கரண்டியா, கையா?”

கரண்டியைக் கீழே வைத்தேன். லெட்சுமி விடுவாளா?

“அடிபட்டதுல இருந்து கரண்டிதான். கோயில் அன்னதானத்துக்கும் பாக்கெட்டுல கரண்டியோட போறாரு. மானம் போகுது லா!”

வலிக்குமே என்ற பயம். அதை யாரிடம் சொல்வது?

“சரி, சாப்பிடுற மாதிரி செஞ்சு காட்டுங்க.”

காலித் தட்டை வைத்தாள். காலித் தட்டில் எதைப் பிசைவது? கை வெட்கப்பட்டது.

லெட்சுமி பையைத் திறந்தாள். மதியத்துக்குக் கட்டி வந்த சோறும் மீன் குழம்பும் தட்டில் விழுந்தன. அறை முழுக்க மணந்தது. ஷாமினி கதவைப் பார்த்தாள்.

“உள்ள சாப்பாடு கூடாது... சரி, சீக்கிரம் லா அங்கிள்!”

பிசைந்தேன். உருட்டினேன். வாயில் வைத்தேன். உப்பு கம்மி. அதைச் சொல்ல லெட்சுமி பக்கம் திரும்பினேன் —

“அங்கிள்! மடங்குது! நடு மூட்டு மடங்குது!”

“எங்க? எங்க?” லெட்சுமி திரைக்கு ஓடினாள்.

ஷாமினி பதிவை மறுபடி ஓட்டிக் காட்டினாள். குச்சிக் கையில் அந்த ஒரு கோடு... மெதுவாக மடங்கியது. என் விரல்தான். எனக்கே தெரியாமல் மடங்கியிருக்கிறது. இன்னொரு முறை போடச் சொன்னேன். அப்புறம் இன்னொரு முறை.

டாக்டரும் பார்த்தார். “இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். மூன்று வேளையும் கையால் சாப்பிடுங்கள், பிறகு பார்க்கலாம்” என்றார்.

வீடு இருக்கும் ஆயர் ஈத்தாமுக்குப் பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். மடங்கு, மடங்கு என்று விரலை முறைத்தபோது அது கேட்கவில்லை. பசிக்கு மடங்கியது. மனிதர்களும் பாதிப் பேர் இப்படித்தானே?

ராத்திரி சாப்பாட்டு வேளையில் அடுப்படியில் பார்த்தேன். ஒரு கரண்டியையும் காணோம்.

லெட்சுமி சோற்றுத் தட்டை நீட்டினாள். கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன்.