சொல்லிவிட்டுக் கிளம்பும் எஞ்சின்

பழைய டீசல் எஞ்சினை உடைப்புக்கு இழுத்துக்கொண்டு போன காலையில் யார்டில் இருந்தது என் நைனா, எஞ்சின் டிரைவர், கேட் வாட்ச்மேன், நான். கேமராவோடு வந்திருந்த இரண்டு ரயில் பிரியர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். மேனேஜர் வரவில்லை. அம்மா கல்மண்டபத்தில் மீன் விற்கப் போயிருந்தாள்.

அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். திருவொற்றியூர் தாண்டி ஒரு கம்பெனி யார்டில் அவருக்கு வேலை, காண்டிராக்டில். எஞ்சினுக்கும் வேகனுக்கும் நடுவில் புகுந்து, இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கை மாட்டிவிட்டு வெளியே வர வேண்டும். அந்த எஞ்சின் ஒரு காலத்தில் மெயின் லைனில் கூட்ஸ் இழுத்தது. நீண்ட மூக்கு, ஓரமாக ஒதுங்கிய கேபின், இரு பக்கமும் கைப்பிடிக் கம்பி. ரயில்வே ஓட்டித் தேய்த்தபின் கம்பெனி வாங்கி வேகன் தள்ள வைத்திருந்தது. அதன் புகையில் எங்கள் தெருவில் காயும் துணியெல்லாம் கரியாகும். படிக்கிற காலத்தில் என் வெள்ளைச் சட்டை வெள்ளையாக இருந்ததே இல்லை.

ஆனால் நகர்வதற்கு முன் அதன் சத்தம் ஒரு கணம் அமுங்கும். பிறகு உடம்பு முழுக்க உதறும். உள்ளே குனிந்திருக்கும் நைனா அந்த உதறலில் வெளியே வந்துவிடுவார். விதிப்படி டிரைவர் ஹாரன் அடிக்க வேண்டும். அடித்ததே இல்லை. எஞ்சினே சொல்லிவிடும்போது ஹாரன் எதற்கு? இத்தனை வருஷமும் இருவரும் அப்படித்தான் வேலை பார்த்தார்கள்.

"இன்னா மாமு, பொண்ணக் கட்டிக் குட்த்த மாரி நிக்கிற?" என்றார் டிரைவர் அன்று காலை.

"கம்முனு கெட. இது சொல்லிட்டுக் கெளம்பும். புச்சா வர்றது சொல்லுமா?"

"நா சொல்றேன் உன்கு. நா இன்னா செத்தா பூட்டேன்?"

நைனா சிரித்தார். படம் எடுக்க வந்தவர்களில் ஒருவர், "அண்ணா, கொஞ்சம் தள்ளிக்குங்க, எஞ்சின் மட்டும் வேணும்" என்றார். நைனா தள்ளி நின்றார். நான் போனில் எடுத்த படத்தில் அவருடைய வலது கை மட்டும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி ஓரத்தில் விழுந்திருக்கிறது.

புது வண்டி பேட்டரியில் ஓடுவது, மஞ்சள் நிறம். டிரைவர் ரிமோட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கீழேயே நடந்து ஓட்ட வேண்டும். பூசை போட்டார்கள். சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கியது கேட்டது, வண்டி நகர்ந்தது கேட்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். புகை இல்லையே என்று நானும் தட்டினேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அது நடந்தது. நைனா உள்ளே கப்ளிங்கை மாட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் வேகனுக்கு அந்தப் பக்கம் நின்றார். மாட்டி முடித்து வந்திருப்பார் என்று அவர் பட்டனை அழுத்தினார். ஹாரன் அடிக்கவில்லை. வண்டியும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் வலது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் நைனா என்னிடம், "அது நின்னுகினு கீதுன்னே நெனச்சேன்டா" என்றார். ஒற்றைக் கைக்குக் கப்ளிங் வேலை இல்லை என்று காண்டிராக்டர் ஆள் சொல்லி அனுப்பினான்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரைவர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"மாமு, நீ வெளிய வந்துட்டன்னு..."

"வுடு. நானுந்தான் காத நம்பி உள்ள பூந்தேன். உள்ள வா, இன்னாத்துக்கு அங்க நிக்கிற?"

டிரைவர் உட்கார்ந்தார். பேச வேண்டுமே என்பதற்காகவோ என்னவோ, "இப்ப பஸ்ஸர் ஒண்ணு மாட்டிக்கீறாங்க மாமு. வண்டி நவுந்தா கத்திகினே கீது" என்றார்.

அம்மா சோற்றைப் பிசைந்து நைனாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். எந்தப் பொருளானாலும் விலை கேட்காமல் விடமாட்டாள்.

"எவ்ளோ ஆச்சாம் அத்துக்கு?"

அம்மா கையை அப்படியே நிறுத்திக் காத்திருந்தாள்.

"ரெண்டாயிரத்தி நானூறு."