குறுக்கே ஓர் இழை

குழந்தை போன பிறகு என் வீட்டுக்காரரோடு நேராகப் பேசுவதை விட்டுவிட்டேன். எழுபதுகளின் கடைசி அது. ஆரணியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பட்டுத்தறி. எங்கள் வீட்டில் ஒன்று. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் ஏறிய சாயங்காலம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தறியில் இருந்தவரைக் கூப்பிட்டேன். "இந்த முந்தி முடியட்டும், ஜல்தியா வந்துடறேன்" என்றார். யாரோ வீட்டு முகூர்த்தப் புடவையின் முந்தானை. அவர் எழுந்து வந்தபோது குழந்தைக்கு இழுப்பு வந்துவிட்டது. முன்னாலேயே கொண்டுவந்திருந்தாலும் பிழைத்திருக்காது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொல்லிவிட்டால் ஆயிற்றா?

அதன் பிறகு எல்லாப் பேச்சும் பெரிய பெண் வழியாகத்தான். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பேன். அப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லி அவளுக்கே சலித்துப்போயிற்று. சமைத்தேன், நூல் சுற்றினேன், படுத்தேன். தூங்கி எழுந்தாலும் உடம்பு முறுக்கிப் பிழிந்த துணியாகவே கிடந்தது.

மார்கழி அமாவாசை. அமாவாசையென்றால் தறிக்கு ஓய்வு. "உங்கம்மாவைக் கெளம்பச் சொல்லு, படவேட்டுக்குப் போயி அம்மனைப் பார்த்துட்டு வரலாம்" என்றார் பெண்ணிடம். மாட்டேன் என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டுமே. கிளம்பினேன்.

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், திரும்பும் பஸ்ஸுக்கு மத்தியானம் ஆகும் என்றார்கள். மலைப் பக்கம் நடக்கலாம் என்று பெண் அடம் பிடித்தாள். வாழைத்தோப்பைத் தாண்டி ஓடைக்கரையில் ஒற்றையடிப் பாதை. வெயில் இன்னும் ஏறவில்லை, புல்லெல்லாம் பனி. அழகாக இருக்கிறது என்று தோன்றியதுமே எனக்கு என்மேல் எரிச்சல் வந்தது.

முன்னால் போனவர் சட்டென்று நின்று, குனிந்து, கொஞ்சம் போய் நிமிர்ந்தார். பின்னாலேயே பெண்ணும் குனிந்தாள். நானும் குனிந்தேன். நிமிர்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். இரண்டு புதருக்கு நடுவில், பாதைக்குக் குறுக்கே ஒரு சிலந்தி இழை. பனி பிடித்து மின்னியது.

எங்கள் தெருவில் விடிந்தால் பாவு போடுவார்கள். பட்டிழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருப்பார்கள். குறுக்கே போகிறவர் யாரானாலும் அதன் அடியில் குனிந்துதான் போக வேண்டும். நடை பழகும்போதே இதையும் பழகிவிடுவோம்.

எதிரே விறகுக்கட்டோடு வந்த பெண்மணி நின்றுவிட்டாள். "இன்னாங்க, வெறும் வழியில வரிசையா குனிஞ்சிகினு வர்றீங்க?"

"பார்த்து வாங்கம்மா, இழை அறுந்துடும்" என்றார் இவர், மெய்யாகவே பதறிப்போய்.

"பூச்சி கட்டினதுக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் நேராக நடந்தாள். இழை விறகில் ஒட்டிக்கொண்டு போயிற்று.

எங்கள் பெண் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, குழந்தை போன பிறகு முதல் தடவையாக. அவர் மட்டும் சிரிக்கவில்லை. அறுந்த இடத்தையே பார்த்தபடி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிக்கொண்டு நின்றார். தறியில் இழை அறுந்தால் பிணைக்கிற விரல்கள்.

இந்த மனுஷனுக்கு இழையென்றால் உடம்பு தானாக வளைகிறது. அன்றைக்கும் தறியில் அப்படித்தான் வளைந்து கிடந்தார். என் கோபம் தீரவில்லை. ஆனால் நானும்தானே குனிந்தேன்? யாரும் சொல்லாமல், ஒரு கணம்கூட யோசிக்காமல். ஓடையில் இறங்கி முகம் கழுவினேன். கழுவக் கழுவ அழுகை வந்தது. அதுவரை குழந்தைக்காகக் கோபப்பட்டிருந்தேனே தவிர, அழுததில்லை. அவர்கள் இருவரும் கரையில் காத்திருந்தார்கள். ஏறி வந்தபோது அலுப்பு அப்படியேதான் இருந்தது, ஆனால் அது நடந்து வந்த அலுப்பு.

திரும்பும்போது, கூப்பிட்டால் கேட்காத தூரத்துக்குப் பெண் ஓடிவிட்டாள். அவர் எனக்கு முன்னால் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். எனக்குக் கால் கடுத்தது. சொல்லி அனுப்ப ஆளில்லை.

"கொஞ்சம் மெதுவா போங்க" என்றேன். "கால் வலிக்குது."

திரும்பிப் பார்க்கப் பயந்தவர் போல அப்படியே நின்றார். நான் பக்கத்தில் போய்ச் சேரும் வரைக்கும் அசையவில்லை. இந்தத் தடவை, சொன்ன உடனே நின்றார்.