தாத்தாவின் இடக்கண் இமை

தாத்தா இறந்தபோது அவருக்கு முப்பத்துநான்கு வயது. இன்று எனக்கு அவரைவிடப் பதினேழு வயது கூட. அவரை நான் கண்டதில்லை. அம்மாவுக்கே அப்போது ஆறு வயதுதான். ஆகவே இதில் முற்பகுதி அம்மா சொன்னது, பிற்பகுதி நானே கண்டது. இரண்டையும் கலக்காமல் எழுத முயல்கிறேன்.

தாத்தா கொழும்புக் கொட்டாஞ்சேனைக்காரர். துறைமுகத்தில் ஒரு சரக்கறையில் கிளார்க்காக இருந்தார். நெருப்புக் காய்ச்சல் வந்து இரண்டு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. உயிரோடிருந்த காலத்தில் அவர் படம் பிடித்துக்கொண்டதே இல்லை, கலியாணத்துக்கும் இல்லை. அந்த நாட்களில் எங்கள் கத்தோலிக்க ஆட்களின் சாவீட்டில் சவப்பெட்டியை மூடுமுன் குடும்பத்தாரைச் சுற்றி நிறுத்திப் படம் எடுப்பார்கள். முகம் தெரிவதற்காகப் பெட்டியின் தலைமாட்டைச் சற்று உயர்த்தி வைப்பார்கள். தாத்தாவின் தமையன், அதாவது அம்மாவின் பெரியப்பா, படக்காரரை அழைத்து வந்தார். அம்மாவுக்குக் கறுப்புச் சட்டை தைத்து முடியவில்லை. பூப்போட்ட சட்டையோடு பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாதென்று பெரியப்பா அம்மாவைப் படக்காரருக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

வீடு அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவானது. அடக்கம் முடிந்த சில நாட்களில் பெரியப்பா தன் குடும்பத்தோடு முன் அறைகளுக்கு வந்துவிட்டார். ஆம்பிளை இல்லாதவர்களுக்கு முன்வாசல் எதற்கு என்று கேட்டாராம். அம்மாவின் தாயும் மூன்று பிள்ளைகளும் சமையல் நடக்கும் குசினிக்குப் பக்கத்து அறைக்குப் போனார்கள்.

முதலாம் ஆண்டுப் பூசையன்று முன் மண்டபத்தில், இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே, தாத்தாவின் பெரிய படம் ஒன்று தொங்கியது. பெட்டிப் படத்திலிருந்து முகத்தை மட்டும் பெருப்பித்து, கோட்டும் கழுத்துப்பட்டியும் வரைந்து, கண்களையும் திறந்து கொடுத்திருந்தார்கள். இறந்தவர்களின் கண்ணைத் திறந்து தருவது ஸ்டூடியோக்களில் அப்போது சாதாரண வேலை. வந்தவர்கள் எல்லாரும் உயிரோடு இருப்பதுபோல இருக்கிறதென்று சொன்னார்கள்.

அம்மா மட்டும், “இது அப்பா இல்லை” என்று சொல்லியிருக்கிறார்.

தாத்தாவின் இடக்கண் இமை எப்போதும் பாதி இறங்கியே இருக்கும். மடியில் ஏறி உட்கார்ந்து, விரலால் அதை மேலே தள்ளிவிடுவது அம்மாவின் விளையாட்டு. அது மெல்ல மறுபடி இறங்கும், தாத்தா சிரிப்பார். அவரைப் பற்றி அம்மாவிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். படத்திலோ இரண்டு கண்களும் அகலத் திறந்து, செய்த தவறுக்குக் காரணம் கேட்பதுபோலப் பார்த்தன. அம்மாவின் தாய் எல்லாருக்கும் முன்னால் பிள்ளையின் தொடையில் கிள்ளினார். தலைக்கு மேல் இருந்த கூரை இப்போது யார் கையில் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கிள்ளுக்காக அம்மா தன் தாயைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு இரவும் அந்தப் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று செபமாலை. அம்மா கலியாணமாகி வெள்ளவத்தைக்கு வரும்வரை அப்படித்தான். தாய் இறந்து பொருட்களைப் பிரித்தபோது அம்மாவின் அக்காவுக்குத் தையல் மெஷினும், தம்பிக்குச் சுவர் மணிக்கூடும், அம்மாவுக்குப் படமும் கிடைத்தன. பெரியப்பாவும் அதை விட்டுக்கொடுத்தார். அந்த இடத்தில் அவர் மகனின் கலியாணப் படம் வர இருந்தது.

இனி நான் கண்டவை.

எங்கள் வீட்டிலும் அந்தப் படத்துக்கு முன்னால்தான் செபம் சொன்னோம். அந்தக் கண்களுக்குப் பயந்தே நான் வளர்ந்தேன். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த அடுத்த வருடம் பெரியப்பா படுக்கையில் விழுந்தார் என்று கேள்விப்பட்டோம். அம்மாவுக்கு அவரிடம் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: பழைய பெட்டிப் படம். கண் மூடியிருந்தாலும் அது அப்பாவின் கண் என்று என் தகப்பனாரிடம் சொன்னார். என்னையும் கூட்டிக்கொண்டு கோச்சி ரயிலில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து ட்ராமில் கொட்டாஞ்சேனைக்குப் போனார்.

பெரியப்பாவின் கண்களில் வெள்ளை படர்ந்திருந்தது. குரலை வைத்துத்தான் அம்மாவை அடையாளம் கண்டார். அம்மா படத்தைக் கேட்டதும் இல்லையென்று தலையை ஆட்டினார்.

“கண் மூடின படத்தை வீட்டில வெச்சிருக்கலாமா பிள்ளை? பெரிய படம் வந்த அண்டைக்கே எரிச்சுப் போட்டன்.”

அம்மா தன் அப்பாவுக்கு இடக்கண் இமை இறங்கியிருந்ததா என்று கேட்டார்.

“ஓம், அவனுக்கு அது பிறவியில இருந்தே. அந்தக் குறையைப் போய்ப் படத்தில வைப்பாங்களா?” பெரியப்பா சிரித்தார். “ஸ்டூடியோக்காரன் கண் எப்பிடி எண்டு கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியேல்ல. கூடப் பிறந்தவன்தானே, என்னைப் பார்த்துப் படத்தில கீறு எண்டு கதிரையில இருந்திட்டன். அது என்ர கண் பிள்ளை. நல்லா வந்ததே?”

“நல்லா வந்தது பெரியப்பா. இத்தனை வருசமும் உங்களுக்குத்தான் முழங்காலில நிண்டிருக்கிறன்.”

அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு, எங்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கும்படி மருமகளிடம் சொன்னார். அம்மா அதை முழுவதும் குடித்தார். அந்த வீட்டில் வாயை மூடிக்கொண்டிருக்க அவரைச் சின்ன வயதிலேயே பழக்கியிருந்தார்கள்.

அடுத்த கிழமை அம்மா படத்தைக் கழற்றி, துணியில் சுற்றி, எங்கள் பக்கத்துப் பெருந்தெருவான காலி வீதியில் இருந்த ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனார். கண்களை மூடித்தர முடியுமா என்று கேட்டார்.

“எத்தனையோ பேருக்குத் திறந்து குடுத்திருக்கிறம் அம்மா,” என்றார் அங்கிருந்தவர். “மூடச் சொல்லி ஒருத்தரும் வந்ததில்ல.”

பழைய மை தடிப்பாக இருப்பதாகவும், சுரண்டினால் கடதாசி கிழிந்துவிடும் என்றும் சொன்னார். அப்படியென்றால் இடக்கண் இமையை மட்டும் கீழே இறக்கிவிடச் சொன்னார் அம்மா. அதற்கு மேலே பூசினால் போதும். அம்மா அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்று விரலால் அளவு காட்டிக்கொண்டே இருந்தார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். பிறகு, “காணும், போதும்” என்றார்.

கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு வந்த பெரியம்மா, அம்மாவின் அக்கா, படத்தைக் கண்டதும் கையிலிருந்த பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

“அப்பாவின்ர படத்தைப் பழுதாக்கிப் போட்டியேடி. ஒரு கண்ணால நித்திரை கொள்ளுற மாதிரி இருக்கு.”

“அண்டைக்கு அப்பாவின்ர சாவீட்டில உங்களுக்குக் கறுப்புச் சட்டை இருந்ததக்கா,” என்றார் அம்மா. “நீங்க படக்காரனைப் பார்த்துக்கொண்டு நிண்டனீங்க. நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டு நிண்டனான்.”

பெரியம்மா அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தது அம்மாவின் சாவீட்டுக்குத்தான்.

படம் இப்போது என்னிடம் இருக்கிறது. செபத்துக்கு நான் அதன் முன்னால் நிற்பதில்லை. அலுமாரி பாதியை மறைக்கும் இடத்தில் மாட்டியிருப்பதால், உள்ளே வருபவர்களுக்கு இடக்கண் பக்கம் மட்டும் தெரியும். தூசி தட்ட அலுமாரியை நகர்த்தும்போதெல்லாம் மற்றக் கண் தெரியவரும். அது இன்னும் பெரியப்பாவின் கண்தான். அகலத் திறந்தே இருக்கிறது.